அரை வள்ளம்

கூத்தங்குழியில் எனக்கொரு வள்ளம் உண்டு.
சரியாகச் சொன்னால் அரை வள்ளம்.
மற்ற அரை கஸ்பாருக்கு,
என் பெண்டாட்டியோடு பிறந்தவனுக்கு.

மதில் சண்டையில் பேச்சு முறிந்தபோது
பங்குப் பேரவை கூடிப் பிரித்துக் கொடுத்தது.
வலையை எடைபோட்டார்கள்.
எஞ்சினை உவரிக்காரனுக்கு விற்று
ரூபாயாக்கி, ரூபாயைப் பிரித்தார்கள்.
ஐஸ்பெட்டி எனக்கு, அவனுக்கு நங்கூரம்.
வள்ளத்துக்கு முன்னால் வந்ததும்
எல்லோரும் சற்று நின்றார்கள்.
அயினிப் பலகை.
அறுத்தால் விறகு.
"ரெண்டு பேரு பேருலேயும் கெடக்கட்டும்வே"
என்று நோட்டை மூடிவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அணியம் யாருக்கு, கடையால் யாருக்கு என்று
எழுதவில்லை.
நடு வங்குக்குக் கீழே ஓர் ஒழுக்கு.
அதையும் எழுதவில்லை.
ஒரு நாள் அவன் கோரி ஊற்றுகிறான், மறுநாள் நான்.
ஞாயிற்றுக்கிழமை கரையில் கிடக்கும்போது
அது எந்தப் பக்கம் சாய்கிறதோ
அந்தப் பக்கத்துக்காரன் காவல்.

எஞ்சின் போனதால் பாய்.
அவன் வாங்கிவந்த துணி நீலம்,
என்னுடையது பழுப்பு.
கித்தேரி இரண்டையும் தெருமணலில் விரித்து
முழங்காலிட்டு மூட்டினாள்.
நூலுக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன்.
அவனும் ஆள்விட்டுக் கேட்டானாம்.
இருவருக்கும் பதில் இல்லை.

கரையில் நாங்கள் பேசுவதில்லை.
பூசைக்கு அவன் முன்வரிசை என்றால்
நான் தூணுக்குப் பின்னால்.
கடையில் அவன் நின்றால்
பீடி வாங்காமல் திரும்பிவிடுவேன்.

இரண்டாள் ஓட்டும் வள்ளத்தில்
காற்று மூன்றாமாள்.
அவனோ ஓயாமல் பேசுகிறவன்,
யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.
அதனால் சில சொற்களை வைத்திருக்கிறோம்.
தாமானை இளக்கு.
பிடி.
பருமலைத் தாழ்த்து.
இங்கிட்டு வா.
அலை.
எட்டோ ஒன்பதோ வரும் மொத்தம்.
பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதில் சேர்த்தி இல்லை.

வைகாசி முடியப் போகும் ஒரு காலை.
பாருக்கு மேலே நிற்கக் கணிச்சம் பார்த்தோம்:
கோயில் முகட்டை மணல்மேட்டோடு பொருத்த வேண்டும்,
மகேந்திரகிரியின் இடது தோளை
நின்றுபோன காற்றாடியோடு.
சுற்றுகிற காடெல்லாம் சுற்ற
இரண்டு வருஷமாய்க் கை மடக்கி நின்ற ஒரே காற்றாடி.
எங்களுக்கு அதுதான் அடையாளம்.

இல்லை.
கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.
அவனும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.
மேலே அத்தனையும் சுற்றுகின்றன,
எது எது என்று தெரியவில்லை.
நீவாடு எங்களைக் கிழக்கே இழுத்துக்கொண்டிருந்தது.

"ரிப்பேர் பாத்துட்டான் போல," என்றான் கஸ்பார்.

பதினோரு மாதத்தில்
பட்டியலில் இல்லாத முதல் வாக்கியம்.
யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.
தாமான் என் கையில் நழுவியது.
"ம்," என்றேன்.

பிறகு பாரைக் கண்டுபிடிக்கவே இல்லை.
சாளை கொஞ்சம், ஒரு விளமீன், அவ்வளவுதான்.
திரும்பும்போது கச்சான் எழும்பிப் பாய் புடைத்தது,
வள்ளம் சரிந்தது.
மேலேறிய விளிம்பில்
இருவரும் ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று,
தொடையோடு தொடை,
மதில் அளவுகூட இடமில்லை நடுவில்.
அவன் முதுகில் மொறுமொறுவென்று உப்பு.
என்மேலும் அதே இருந்திருக்கும்.

கரையில் சாளையை எண்ணிப் பிரித்தோம்.
விளமீன் நடுவில் கிடந்தது.
அவன் எடுக்கவில்லை, நான் எடுக்கவில்லை,
காகம் வருவதைப் பார்த்து
கடைசியில் நான் தூக்கிக்கொண்டேன்.

கித்தேரி தினமும் கேட்கும் கேள்விதான்:
"எங்க அண்ணன் என்ன சொன்னான்?"
தினமும் சொல்வேன்,
தாமானை இளக்கச் சொன்னான் என்று.
இன்று,
"காத்தாடிய ரிப்பேர் பாத்துட்டாம்னான்."

கத்தி நின்றது.
"அதுக்கு நீரு?"
"ம்-னேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
விளமீனைப் புரட்டிப் போட்டு
மறுபக்கத்துச் செதிலை
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்திச் சுரண்டினாள்.
பிறகு நடுவில் வெட்டினாள்.
ஒரு பாதியைத் தட்டில் வைத்து மூடி
சின்னவனைக் கூப்பிட்டாள்.